வியாழக்கிழமைக் குடிகாரன்

என் தம்பி குடிக்க மாட்டான். வாழ்நாளில் ஒரு மடக்குக்கூட உள்ளே போனதில்லை. எங்கள் தெருவில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அவன் குடிகாரன் என்று அவர்களுக்குச் சொன்னதே நான்தான். பக்கத்து வீட்டில் சொன்னேன், எதிர் வீட்டில் சொன்னேன், என் கடைக்குத் துணி தைக்கக் கொண்டுவருபவர்களிடம் அளவெடுத்துக்கொண்டே சொன்னேன். அவன் மனைவியிடம் சொன்னேன். கடைசியில் ஒரு டாக்டரிடமும் அடித்துச் சொன்னேன். இப்போது ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, இல்லை, அது பொய் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள் இன்றைக்குப் பாதியிலேயே மணி பார்க்கிறார்கள்.

எங்கள் அப்பா குடித்தார். அதில் ஒளிவுமறைவு கிடையாது. அவர் படியேறி வரும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மூன்றாவது படியில் நின்றால் கொஞ்சம், அங்கேயே உட்கார்ந்துவிட்டால் நிறைய. அவரைத் தூக்கிவந்து படுக்கவைத்து, சட்டையைக் கழற்றித் துவைக்கப் போடுவது என் வேலை. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன், கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான். இதனால் எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. குடியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை, குடித்தவனைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று. அந்த நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தம்பிக்கு முப்பத்தொரு வயதில் அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. குழாய்களுக்கும் பூட்டுகளுக்கும் உலோகப் பாகங்கள் செய்கிற இடம். கடைந்து வரும் பாகங்கள் எண்ணெயும் பிசுக்குமாக இருக்கும். அப்படியே முலாம் பூசினால் பிடிக்காது. பிசுக்கை எடுப்பதற்கென்று ஒரு தனி அறை, அறை நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. தொட்டியின் அடியில் ஒரு கெமிக்கலைக் கொதிக்கவைப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் 'மருந்து'. அது ஆவியாகி எழும்பும். கம்பிக் கூடையில் பாகங்களைப் போட்டு அந்த ஆவிக்குள் இறக்கினால், இரண்டு நிமிடத்தில் பிசுக்கெல்லாம் போய், பளிச்சென்று, காய்ந்தே வெளியே வரும். துடைக்கக்கூட வேண்டாம். இதைச் சொல்லும்போது தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். "சுத்தமான வேலை அக்கா, கையில அழுக்கே படாது" என்பான்.

அழுக்கு படவில்லை, வாஸ்தவம்தான். தோல்தான் வெளுத்துப்போய், விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. வேலை முடிந்ததும் எல்லோரும் அந்த மருந்திலேயே கையைக் கழுவுவார்களாம். சோப்பைவிட நன்றாகப் போகுமாம்.

தொட்டியின் வாயைச் சுற்றி ஒரு குழாய் ஓடும். அதில் குளிர்ந்த தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் ஆவி மேலே வராமல் உள்ளேயே அடங்கும். அந்தக் குழாய் ஒழுகியது. யாரோ ஒரு புத்திசாலி தண்ணீரை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டான், அத்தோடு சரி. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை மத்தியானம், தொட்டியைக் காலி செய்வார்கள். அடியில் கறுப்பாக ஒரு மண்டி தங்கியிருக்கும். ஓர் ஆள் உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இறங்கியது என் தம்பி. ஒல்லி உடம்பு, உள்ளே வளைந்து நிற்க வசதி என்று அவனைப் பிடித்தார்களாம். பதினாறு வருஷம் அவன்தான் இறங்கினான். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வியாழக்கிழமை சாயங்காலம் அவன் எந்த நிலையில் வீட்டுக்கு வந்தான் என்பது மட்டும்.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கீழே முன் அறையில் என் தையல் மெஷின், பின் அறையில் நான். மாடியில் தம்பி, அவன் மனைவி, மகள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பார்த்த பிறகு அந்த ஆசையே வரவில்லை. மாடிக்குப் போகிற யாரும் என் மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். முதல் தடவை நான் கவனித்தபோது அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்து, கண் சொருகியிருந்தது. ஏதோ கேட்டேன், பதில் குழறி வந்தது. பக்கத்தில் போனேன். இனிப்பாக ஒரு நெடி. எனக்கு உச்சிவரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடா இது?"

"ஒன்னுமில்லக்கா. தலை சுத்துது. வேலை வாசனை."

"வேலை வாசனையா? குடிச்ச சட்டையைப் பன்னெண்டு வயசுல இருந்து துவைச்சவடா நான். யார்கிட்ட கதை விடுற?"

அடுத்த வியாழக்கிழமையும் அதே கூத்து. அதற்கடுத்த வாரமும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் மந்தமாக இருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆள் தெளிந்துவிடுவான், மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவான், என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துத் தருவான். கிழமை பார்த்துக் குடிக்கிற ஒரே ஆள் இவன்தான் என்று நானே 'வியாழக்கிழமைக் குடிகாரன்' என்று பெயர் வைத்தேன். தெருவில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது. குடிக்கிறவன் லீவு நாளில்தானே குடிப்பான், இவன் ஏன் லீவு நாளில் தெளிந்து வேலை நாளில் மயங்குகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். இடுப்பளவு தோளளவையெல்லாம் அரை அங்குலம் பிசகாமல் கணக்குப் போடுகிறவளுக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். கம்பெனிக்கு எதிர்ப் பக்கம் ஒரு பார் இருந்தது. அதன் வாசல் தெரிகிற மாதிரி ஒரு செருப்புக் கடையில் நின்றுகொண்டேன். கடைக்காரர் பாவம், ஆறு ஜோடி எடுத்துக் காட்டினார். பாருக்குள் போனவர்களில் என் தம்பி இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். ஓஹோ, உள்ளேயே பாட்டிலை ஒளித்துவைத்துக் குடிக்கிறானா என்று எனக்கு உடனே 'புரிந்துவிட்டது'. சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு வருஷம் இல்லவே இல்லை என்றான். சத்தியம் செய்தான். ஒருமுறை அழக்கூடச் செய்தான். நான் வாசலிலேயே மறித்து, "எங்க, ஊது பார்க்கலாம்" என்று ஊதச் சொல்லி, முகர்ந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி வெளுத்து வாங்குவேன். அப்புறம் ஒருநாள், கீழ்ப்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"சரிக்கா. குடிச்சேன். போதுமா? என்னைப் படுக்க விடு."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒத்துக்கொண்டானே! கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, "உண்மையைச் சொன்னா நான் ஏன்டா கத்தப்போறேன்?" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. மறுத்தால் சாயங்காலம் முழுக்கச் சண்டை, ஒத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் படுக்கை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஆமாக்கா, குடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவான். செய்யாத தப்பை ஒருத்தன் வாராவாரம் ஒத்துக்கொள்கிற அளவுக்கு நான் அவனைப் படுத்தியிருக்கிறேன்.

அவன் மனைவி என்னைப் போல அவசரக்காரி இல்லை. ஒருநாள் தைத்த துணிகளை எனக்கு மடித்துக் கொடுத்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி, எனக்கு என்னமோ இடிக்குது. இத்தனை வருஷத்துல வீட்ல ஒரு பாட்டில்கூட நான் பார்த்ததில்ல. ஞாயித்துக்கிழமை பச்சத் தண்ணி மட்டும்தான் குடிக்கிறாரு. குடிக்கிறவங்களால அப்படி இருக்க முடியுமா?"

"நீ வெகுளிம்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கப்பா பாட்டிலை எங்கெங்க ஒளிப்பாருன்னு கேளு, ஒரு நாள் பூரா சொல்லுவேன். அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்ன இடிக்குது?"

அவனே ஒத்துக்கொண்டான் என்ற ஒன்றைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. எங்களுக்கு அவள் எப்போதும் பாப்பாதான். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். பரிசு கொடுக்கும் விழா ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. தம்பி, அன்றைக்கு மட்டும் வேறு ஆளை இறக்குங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டானாம். நடக்கவில்லை. தொட்டியிலிருந்து ஏறி, சட்டையை மாற்றிக்கொண்டு நேரே விழாவுக்கு வந்தான். மேடையில் பாப்பாவைக் கூப்பிட்டார்கள். கை தட்ட எழுந்தவன் முன்வரிசை நாற்காலியில் இடறி, ஒரு டீச்சர் மடியில் போய் விழுந்தான். விழுந்தவன் எழுந்து, "என் பொண்ணு... அது என் பொண்ணு" என்று குழறினான். மண்டபமே சிரித்தது. மேடையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

இரண்டு நாளில் அம்மாவும் மகளும் தாய்மாமன் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் தனியாக இருந்தால் புத்தி வரும் என்று நானே பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆனது. தம்பி போன் செய்வான். மனைவி இரண்டு வார்த்தை பேசுவாள். பாப்பா போனுக்கே வரமாட்டாள்.

போன வருஷம் அவனுடைய கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. நாலு மாதத்தில் மூன்று தடவை அவன் பேண்ட் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தேன், அதே நாலு மாதத்தில் சட்டைத் தோள் தொங்கிப்போனது. வயிறு பெருத்துத் தோள் இளைக்கிற உடம்புக்கு நான் அதுவரை தைத்ததில்லை. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"குடிப்பாரா?" என்று கேட்டார். கேட்டது என்னிடம்கூட இல்லை, பொதுவாகத்தான் கேட்டார்.

"குடிப்பாராவா? பதினாலு வருஷமா, டாக்டர்" என்றேன் நான்.

அவர் அதை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். குடியை விட்டால் கல்லீரல் தானாகத் தேறும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வெளியே வந்ததும், "நீ ஏன்டா வாயே திறக்கல?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லிட்டியேக்கா" என்றான்.

குடியை விட வேண்டும் என்றார் டாக்டர். விடுவதற்கு அவனிடம் குடி இல்லை. வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே மஞ்சள் கண்ணோடும் வீங்கிய வயிற்றோடும் இன்னும் நாலு மாதம் வியாழக்கிழமைதோறும் தொட்டிக்குள் இறங்கினான். இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்க மறுக்கிறது.

ஒருநாள் வேலையிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், என் பாப்பாவைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பார். நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

தம்பி சொன்னான். தொட்டி, மருந்து, ஆவி, கூடை என்று ஒன்று விடாமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். மயக்கம், குழறல் எல்லாம் எப்போது வரும் என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல என்னைவிட யார் இருக்கிறார்கள்? நான் முந்திக்கொண்டேன்.

"வியாழக்கிழமை, டாக்டர். வாராவாரம் வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஒன்னுமே இருக்காது."

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவனிடம் திரும்பினார்.

"தொட்டிக்குள்ள இறங்குறது என்னைக்கு?"

"வியாழக்கிழமை" என்றான் தம்பி.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னிடம் மெதுவாகப் பேசினார். "குடிதான் ஈரலைக் கெடுக்கும்னு இல்லம்மா. இந்த மாதிரி கெமிக்கல் ஆவியும் கெடுக்கும். மூச்சு வழியா போகும், தோல் வழியாவும் போகும். தலை சுத்தல், பேச்சுக் குழறல் எல்லாம் அதோட வேலைதான். அதே கம்பெனியில இருந்து போன வருஷம் இன்னொருத்தர் இப்படித்தான் வந்தாரு." ரத்தம், ஸ்கேன் என்று ஒரு வாரம் பரிசோதனை நடந்தது. மற்ற காரணம் ஒவ்வொன்றையும் இல்லை இல்லை என்று தள்ளிவிட்டு, கடைசியில் அதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எப்போது அந்தத் தொட்டி அறையைவிட்டு வந்திருந்தால் தேறியிருப்பான் என்று கேட்டேன். அவர் பழைய சீட்டை எடுத்து அதிலிருந்த தேதியைப் பார்த்தார்.

தொட்டி அறையில் அவனோடு வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தார். கூடையை இறக்கி ஏற்றுகிறவர், அதனால் கூடைக்காரர் என்றே பெயர். "எங்க வீட்லயும் இதே பஞ்சாயத்துதான் அக்கா. நான் குடிக்கிறேன்னு என் மாமியார்கூட நம்புறாங்க" என்றார். ஏன் கம்பெனியில் யாரும் மூச்சு விடவில்லை என்று கத்தினேன். "மயக்கம் வருதுன்னு சொன்னா உனக்கு ஒடம்பு தாங்கல, கெளம்புன்னுடுவாங்க. அதுக்கு வீட்ல திட்டு வாங்குறது பரவால்லன்னு இருந்துட்டோம்." அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவரையும் அதே பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த ஒன்றையாவது செய்தேன்.

அந்தக் காகிதம் கைக்கு வந்த அன்றே தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடி ஏற முடியாது என்பதால் என் பின் அறையில் படுக்கவைத்தேன். அனுப்புவதற்கு முன்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாள் அதிகம் இல்லை என்பதைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: கல்லீரல் சுத்தமாகக் கைவிட்டால் உடம்பின் நஞ்சு மூளைக்கு ஏறும், பேச்சு குழறும், தள்ளாடுவார், ஆள் அடையாளம் தெரியாது, மூச்சில் இனிப்பாக ஒரு வாடை வரும், அப்படி வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று தம்பி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பாப்பாகிட்ட சொல்லிடுக்கா. நான் சொன்னா நம்பமாட்டா. நீ சொன்னதைத்தான் நம்புனா, நீ சொன்னாத்தான் நம்புவா. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"சொல்றேன்டா" என்றேன்.

இரண்டு மணி நேர பஸ் பயணம். நான் கிளம்ப இருபத்திரண்டு நாள் ஆனது. அவசரத் தையல் என்றேன், முட்டி வலி என்றேன், அவனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்றேன். போனில் சொல்கிற விஷயமா என்றும் சொல்லிக்கொண்டேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன்: வெட்கம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, உன் அப்பாவை உன்னிடமிருந்து பிரித்தது என் வாய்தான் என்று சொல்லப் பயந்தேன். அவனிடமே நான் இன்னும் சொல்லவில்லை. நீ குடிக்கலடா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று ஒரு வரி. அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் அவன் பக்கத்தில் போய் உட்காருவேன். உட்கார்ந்தால் வாயில் வருவது, ஏன் சாப்பிடல, ஏன் போர்த்திக்கல என்கிற அதட்டல்தான். அவன் என்னை இரண்டாவது முறை கேட்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உள்ளே போகும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பான்.

இருபத்திரண்டாம் நாள் அவன் காலையில் எழுந்து, பாப்பாவுக்கு இப்போது எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டான். எனக்குத் தாங்கவில்லை. கூடைக்காரரை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தாய்மாமன் வீட்டுக் கதவைத் திறந்தது பாப்பா. இருபது வயது. என் உயரம், என் நெற்றி, என் மூக்கு. பார்க்கிறவர்கள் அத்தையை உரித்துவைத்திருக்கிறாள் என்று சொல்வார்கள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை வாங்கி, அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து படித்தார்கள். படித்து முடித்து என் தம்பி மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, நான் அன்னைக்கே கேட்டேனே" என்றாள்.

"ஆமா. நீ கேட்ட" என்றேன்.

பாப்பா காகிதத்தை மடித்தாள். "இது எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும், அத்தை?"

"இருபத்திரெண்டு நாளா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு வந்து செருப்பைப் போட்டாள். அவள் அம்மா, அண்ணனிடம் சொல்லிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னாள். பஸ்ஸில் என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது சாயங்கால வெயில் என் மெஷின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கூடைக்காரர் வாசலில் நின்றார். "மத்தியானத்துல இருந்து ஒரு மாதிரியா பேசுறாருக்கா. உங்க போனுக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்தேன். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். என் போன் கடை மேஜை மேலேயே கிடந்தது.

பின் அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். சட்டைப் பட்டன் மேலும் கீழுமாகப் போட்டிருந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண் எங்கேயோ சொருகியிருந்தது. ஏதோ சொல்ல வந்தான், குழறியது. அறை முழுக்க இனிப்பாக ஒரு வாடை. டாக்டர் சொன்ன அத்தனையும் ஒன்று விடாமல் இருந்தன. ஆனால் அது எனக்குத்தான் தெரியும். பாப்பா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மேடையில் பார்த்த அதே முகம். பையைப் பிடித்திருந்த கை இறுகியது. இது அது இல்லைம்மா, இது நோய், போயிடாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எந்த நேரமும் ஓயாத வாய் அப்போது திறக்கவில்லை.

தம்பி அவளைப் பார்த்தான். நெற்றியைச் சுளித்து உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, நிலையிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து நிற்க முயற்சி செய்தான்.

"அக்கா" என்றான் அவளிடம். "நான் குடிக்கலக்கா. நிஜமா குடிக்கல. ஊதிக் காட்டட்டுமா?"

கிட்டே தள்ளாடி வந்து, வாயைத் திறந்து, மகள் முகத்துக்கு நேராக ஊதினான்.

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டிய இடம் அது. பதினாலு வருஷமாகப் பாக்கி இருந்த இடம். என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தாள். அப்புறம் பையைக் கீழே போட்டுவிட்டு, அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஊத வேணாம்டா" என்றாள். "நீ குடிக்கல. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்டா தம்பி."

அவன் முகம் அப்படியே தளர்ந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், "அப்பாடா" என்று கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு, ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாப்பாகிட்டயும் சொல்லிடுக்கா."

"சொல்லிடறேன்டா" என்றாள் பாப்பா.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தான். என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள், தெளியவில்லை. மறுநாள் அவள் அம்மாவும் வந்து சேர்ந்தாள். பாப்பா கட்டிலைவிட்டு நகரவில்லை. கடைசிவரைக்கும் அவளை அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டான். நான் அவன் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒருமுறை என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்க யாருக்கா?" என்று அவளிடம் கேட்டான்.